ஆறு எண்ணும்வரை

எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த சேர் ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் கரும்பலகையில் எழுதும் ஒரு வெண்கட்டித் துண்டைச் செருகியிருப்பார். விடை சரியென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யார் எதைச் சொன்னாலும், "எப்பிடித் தெரியும்?" என்றுதான் கேட்பார்.

ஒலியின் வேகத்தைப் படிப்பிக்க அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. எங்களைக் கரம்பொன் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். தூரத்தில், இடுப்பளவு தண்ணீரில், ஒருவர் மீன்வலை கட்டுவதற்குத் தடியை மரக் கொட்டனால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். கொட்டன் தடியில் விழுந்து, அவர் அதை மறுபடி ஓங்கும்போதுதான் சத்தம் எங்களிடம் வந்தது.

"சேர், சத்தம் பிந்தி வருது!" என்று கத்தினோம். கணக்கென்றாலே ஓடி ஒளிக்கும் நாங்கள் அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் எண்ணிக்கொண்டு நின்றோம். சத்தம் மூன்று செக்கன் பிந்தினால் ஒரு கிலோமீற்றர் தூரம்.

சண்டை தொடங்கியபின், ஒரு பின்னேர வகுப்பில், கடலிலிருந்து ஷெல் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். சேர் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். வாசலால் பார்க்கையில், கடலில் நின்ற படகில் வெளிச்சம் மின்னியது. என் வாய் தன்பாட்டில் எண்ணியது. ஆறில் சத்தம் கேட்டது.

"ரெண்டு கிலோமீற்றர், சேர்."

"ஓம், சரி," என்றார்.

வெண்கட்டி அப்போதும் காதில் இருந்தது. எனக்குப் பயம்கூட வரவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பாரென்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.