மும்தாஜின் பக்கம் எரிந்த விளக்கு

ஆண்டவருடைய பிள்ளைகளே, எண்பத்துமூன்றாம் வருஷம் தை மாதத்தில் என் தோழி மும்தாஜின் கையிலிருந்து ஈயம் பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயர்ன் நழுவி மேஜையில் விழுந்தது. "விரலு மரத்துப்போச்சுடி எஸ்தரு" என்று சிரித்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

நாங்கள் மதுரையில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படித்தோம். அவள் கோரிப்பாளையத்துப் பெண். நான் கொட்டாம்பட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தேன். வீட்டை நினைத்து நான் அழுத முதல் வாரத்தில், தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளியவள் அவள்.

பிராஜெக்டுக்கு மற்றவர்கள் ரேடியோ, அலாரம் என்று செய்ய, "நாம வெளையாட்டுச் சாமான் செய்வோம்டி" என்றாள். கைக்குள் அடங்கும் சோப்பு டப்பாதான் பெட்டி. நடுவில் ஒரு சிவப்பு விளக்கு. அது எப்போது எரியும் என்று யாருக்கும் தெரியாது. எரிந்ததும் இருவரும் ஆளுக்கொரு பொத்தானை அமுக்க வேண்டும். முந்துகிறவர் பக்கம் பச்சை விளக்கு எரியும். சர்க்யூட் அவள் வரைந்தது. பற்றவைப்பதில் பாதி என் வேலை. ஒரு தடவைகூட நான் அவளை ஜெயித்ததில்லை.

அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில் கைகால் அசைவில்லாமல் கிடந்தாள். "நரம்புல நோய் வந்திருக்கு. சரியாகலாம். எப்பன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அதுவரை நான் பரீட்சைக்கு மட்டும் ஜெபித்தவள். அன்று கோவிலில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, மும்தாஜ்... மும்தாஜ்" என்று அழுதேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

மறுநாள் அவள் கேட்டாள்: "நம்ம டப்பா என்னடி ஆச்சு? கொண்டா." கொண்டுபோய் அவள் விரலைப் பொத்தான்மேல் வைத்தேன். அமுக்கத் தெம்பில்லை. கண்ணீர் காது வரை வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளால் முடியவில்லை. நான் துடைத்தேன்.

விடுதிக்கு வந்ததும் அந்தப் பொத்தானைக் கழற்றினேன். மெல்லிய இரண்டு பித்தளைத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் வைத்தேன். விரல் லேசாகப் பட்டாலே இரண்டும் சேர்ந்து விளக்கு எரியும். முதல் நாள் வார்டு ஃபேன் காற்றுக்கே பச்சை விளக்கு எரிந்துவிட்டது. "காத்து ஜெயிச்சிருச்சுடி" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

தினமும் சாயங்காலம் போவேன். அவள் அம்மா தலைமாட்டில் தஸ்பீஹ் ஜெபமணி உருட்டுவார். நான் கால்மாட்டில் ஜெபிப்பேன். சிவப்பு எரியும், அணையும். அவள் விரல் அப்படியே கிடக்கும். ஆண்டவர் கேட்கிறாரா என்றுகூட நினைத்துவிட்டேன்.

ஒருநாள் கரண்டு போயிருந்தது. வார்டு முழுக்கப் புழுக்கம். டப்பா பேட்டரியில் ஓடுவதால் அவள் கையடியில் வைத்தேன். சிவப்பு எரிந்தது. அடுத்து பச்சை எரிந்தது, அவள் பக்கம்.

அம்மா பதறி எழுந்தார். "எஸ்தரும்மா, நீ தொட்டியா? காத்தா?"

"இல்லம்மா! என் கை இங்கிட்டு இருக்கு. ஃபேனும் ஓடல!"

மறுபடி பச்சை எரிந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்போது மெத்தையிலிருந்து குரல் வந்தது: "எதுக்குடி அம்புட்டு அழுகை? நீ அமுக்கவே இல்ல. விட்டுக்குடுக்காம ஒழுங்கா வெளையாடு."

பிறகு கை வந்தது. கால் வந்தது. பிராஜெக்ட் கண்காட்சிக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

மருந்து கொடுத்த கைகளுக்கும் நன்றி சொல்கிறேன். அந்தக் கைகளையும் நடத்தியவர் என் ஆண்டவர். அதன்பின் என் ஜெபத்தில் என் காரியம் கடைசிக்குப் போய்விட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய், துணைக்கு ஆளில்லாத நோயாளிகளின் கட்டில் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன்.

உங்களுக்குப் பிரியமானவர் யாராவது இன்று படுக்கையில் இருக்கலாம். ஆண்டவரிடம் கேட்டுக் கேட்டு நீங்கள் சலித்திருக்கலாம். அவர் பக்கத்தைவிட்டு எழுந்துவிடாதீர்கள். நம்மைவிட அவரை அதிகமாய் நேசிக்கிறவர் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.