புரட்டாசியில் மட்டும் நல்ல ரத்தம்

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் என் இனத்தாருக்குத் தெரியும்: கொலஸ்ட்ரால் மாத்திரையை வாங்குகிறவர்கள் வேறு, விழுங்குகிறவர்கள் வேறு. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் பார்மசிஸ்டாக நான் பட்ட பாட்டைச் சொல்ல முனியாண்டி அண்ணன் ஒருவரே போதும். பத்து காவான் என்கிற ஊரில் உள்ள தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் டிரைவர். அவருடைய தமையனார் மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததிலிருந்து, அடுத்தது இவர்தானோ என்று மனைவி கமலா அக்காவுக்குத் தூக்கமே இல்லை. இவர் மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினார்.

கறிக்கு ஒரு மாத்திரை

அண்ணனுக்கு ஒரு மாதத்துக்குக் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரை தீர்ந்திருக்க வேண்டும்; ஆளைக் காணோம். பல்வலிக்கு மருந்து வாங்க வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "அது இன்னும் பாதி இருக்கு" என்றார். ஆட்டுக்கறி சாப்பிடும் நாளில் மட்டும் ஒன்று போடுவாராம். தினமும் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மருந்தைத் தொடும் பெண் யாரானாலும் அவருக்கு 'மிஸ்ஸி'தான்.

"கறி சாப்பிடாத நாள்ல அது உள்ள போயி என்னா மிஸ்ஸி பண்ணும்? வேலை இல்லாம சும்மா உக்காந்திருக்கும் லா!"

தண்ணீர்மலை நடை

நடக்கவாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன். ஞாயிறுதோறும் கூட்டாளிகளோடு தண்ணீர்மலைத் தோட்டத்துக்கு நடக்கக் கிளம்பினார். மனுஷன் திருந்திவிட்டார் என்று கமலா அக்கா கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை பசியாற, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போனேன். வேர்த்த சட்டையோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். முன்னால் பரோட்டா போல நெய் மின்னும் இரண்டு ரொட்டி சானாய், அது முங்கும் அளவுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. என்னைப் பார்த்துக் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"நீங்கதானே நடக்கச் சொன்னீங்க மிஸ்ஸி? நடந்தா பசிக்காதா?"

புரட்டாசி ரிப்போர்ட்

இத்தனைக்கும் ரத்த ரிப்போர்ட் அவ்வளவு மோசமில்லை. எனக்கே குழம்பிவிட்டது. விசாரித்தால், வருடா வருடம் புரட்டாசி முடியும் வாரத்தில்தான் ரத்தம் கொடுக்கப் போவாராம். அந்த மாதம் வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. அடுத்த தடவை தீபாவளி கழித்துப் போங்கள், உண்மை தெரியும் என்றேன். மனம் நொந்துவிட்டார்.

"என்னா மிஸ்ஸி, பரீட்சைக்குப் படிக்காமப் போகச் சொல்றீங்க?"

அக்காவின் விரல்

அக்கா விடவில்லை. தீபாவளி முடிந்த கையோடு, விரலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு அவரைக் கடைக்கே இழுத்து வந்துவிட்டார். "அவளுக்கும் குத்துங்க, அப்பத்தான் நானு" என்று அண்ணன் முரண்டு பிடித்தார். அக்கா பிறந்ததிலிருந்தே சைவம். கறி சமைத்துப் போடுவாரே தவிர வாயில் வைக்கமாட்டார். ஒல்லியான உடம்பு. சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார்.

அண்ணனைவிட அக்காவுக்குத்தான் கொலஸ்ட்ரால் அதிகம். மெஷினை நம்பாமல் மறுபடி குத்தினேன், அதே கதை. கிளினிக்கில் முறையாக ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரும் அதையே சொல்லி மாத்திரை எழுதினார். கறி தொடாவிட்டாலும் சிலருக்கு உடம்பே அதை அதிகமாகத் தயாரித்துவிடும் என்று நான் விளக்கியபோது அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவு பெரிய ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா அசரவில்லை. "நீங்க தினமும் போட்டாத்தான் நானும் போடுவேன்" என்று ஒரே போடாகப் போட்டார்.

இப்போது இருவரும் சேர்ந்தே வந்து மாத்திரை வாங்குகிறார்கள், தேதி தப்புவதில்லை. கறி எப்போதாவதுதான். ஞாயிறு நடை முடிந்தால் அண்ணன் நேராக வீட்டுக்குப் போய்விடுகிறார். போன தடவை அக்கா அந்தப் பக்கம் பற்பசை பார்த்துக்கொண்டிருந்தபோது, எப்படி அண்ணே இப்படி மாறினீர்கள் என்று கேட்டேன். அக்கா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒண்ணுன்னா அவ எப்படியும் சமாளிச்சுக்குவா மிஸ்ஸி. அவளுக்கு ஒண்ணுன்னா என்னைத் திட்ட யாரு இருக்கா?"

தன் உயிருக்குப் பயப்படாத புருஷனை ஒழுங்காக மாத்திரை விழுங்க வைக்கும் மருந்து பெண்டாட்டியின் ரத்தத்தில்தான் இருக்கிறது என்றால், அதை எந்தக் கம்பெனியும் இன்னும் டப்பாவில் அடைத்து எங்கள் கடைக்கு அனுப்பக் காணோம்.