நான் காட்டிய ஊரும் காட்டாத கிணறும்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், ஓசூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் மலைக்கோயிலைத்தான் சொல்வேன். அதுவும் திங்கட்கிழமை விடிகாலை, பனி கலைவதற்குள் போய்விட வேண்டும். சந்திரசூடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அம்மன் சந்நிதிக்குப் பின்பக்கம் வந்தால் ஒரு சரிவுப் பாறை இருக்கிறது. அதில் உட்கார்ந்து பார்த்தால் ஊர் தெரியாது. வெள்ளையாகப் பனி மட்டும்தான். எங்கோ அடுப்பு மூட்டிய வீட்டின் புகை அதைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் புளி மண்டியில் எடை போடும் வேலைக்கு இங்கே வந்தபோது, என் மனக்குறையையெல்லாம் அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் ஈஸ்வரனிடம் சொல்வேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் கன்னடம். எனக்கு இரண்டும் அப்போது புரியாது.

சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். அங்கே எனக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை. கல்யாணமான கையோடு மனைவியையும் இங்கேயே அழைத்து வந்தேன். தண்ணீருக்குக் கிணற்றடிக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். நான் மண்டியிலிருந்து வந்தால் ஒரே பேச்சுத்தான்.

"ஏனுங்க, நாள் முச்சூடும் வாயத் தொறக்காம இருந்தா ஊமையாப் போயிருவனாட்ட இருக்குது."

"பழகிக்கிட்டாச் சரியாப் போயிரும்" என்பேன். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

அவளுடைய அம்மாவுக்குக் காலில் அடிபட்டதென்று சேதி வந்தது. பார்த்துக்கொள்ளப் போனாள். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியும் இவள் திரும்பவில்லை. தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. கெலமங்கலம் சந்தைக்கு மாடு பார்க்க வந்த மச்சினன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, வர்ற திங்கக்கெழம அக்காளக் கூட்டியாறன். ஒரு நாளு ஊரச் சுத்திக் காட்டுங்க. புடிச்சா இருக்கட்டும். இல்லீன்னா சாயங்கால பஸ்ஸுக்கு எங்கூடவே வந்துருவா. அப்பறம் நானும் வற்புறுத்த மாட்டன்."

அந்த ஒரு நாளுக்காக எனக்குப் பிடித்த இடங்களையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். மலை முதலில். அப்புறம் ஏரிக்கரை. கரையில் அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். வேலை முடிந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், பாகலூர்ப் பக்கம் திரும்புகிற வண்டிமாடுகளின் மணி தண்ணீருக்கு மேல் மிதந்து வரும். கடைசியில் பஸ் ஸ்டாண்டு. சேலம் பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை, வெளியே ஒரு பெஞ்சு. இறங்குகிறவர்கள் பேசுகிற எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்பதற்காகவே அங்கே போய் உட்காருவேன். யாரிடமும் பேசமாட்டேன். காதில் விழுந்தால் போதும். நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பதால் டீக்கடைக்காரருக்கு நான் சாமி.

"என்ன சாமி, பஸ்ஸு தெனம் வருது, உங்க ஆளு மட்டும் வரக் காணோமே! டிரைவரு எங்கியாவது எறக்கி உட்டுட்டானா?" என்று சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன்.

சொன்னபடி திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் வந்தார்கள். இறங்கியதும் மலைக்கு அழைத்துப் போனேன். அர்ச்சகர் என் பெயரோடு அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் அவராகவே சேர்த்துச் சொன்னார். வாராவாரம் நான் சொல்லி அவருக்கு மனப்பாடம். அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பாறைக்குக் கூட்டிப்போனேன்.

"பனியத் தவுத்து ஒண்ணும் தெரியலீங்களே மாமா" என்றான் மச்சினன்.

ஏரிக்கரையில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏனுங்க, நீங்க காட்டுனதெல்லாம் நீங்க ஒண்டியா ஒக்காந்திருந்த எடமாவே இருக்குது. நான் வந்து எங்கீங்க ஒக்கார்றது?"

 ஈஸ்வரா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தோம். களி கிளற ஒரு குடம் தண்ணீர் போதவில்லை என்று அவளே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நேரம் போயிற்று, ஆள் வரவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா, ஒரு எட்டு போய்ப் பாருங்க" என்றான் மச்சினன்.

பெண்கள் தண்ணீர் சேந்துகிற நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அது பாறைக் கிணறு, ஊற்று மெல்லத்தான் சுரக்கும். அதனால் வீட்டுக்கு ஒரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு, முறை வரும்போது குடத்தோடு வருவார்கள். நான் காலையில் வெறும் குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவேன், மாலையில் நிறைந்திருக்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவின் தயவு என்று தெரியும். பண்டிகைக்குப் புளி கொடுப்பேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

தெருமுனையில் நின்று பார்த்தேன். வரிசையில் நாலைந்து கற்கள். நடுவில் ஒரு உடைந்த அம்மிக்குழவித் துண்டு. கல்யாணச் சீராக அவள் கொண்டுவந்த குழவி அது. வந்த புதிதில் உடைந்துபோனது. அந்தத் துண்டைத்தான் தன் கல்லாக அவள் வைத்திருந்தாள். அது இன்னும் வரிசையிலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், முகமெல்லாம் அழுது சிவந்து. சுற்றி நின்ற பெண்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏதோ கேட்டார்கள். இவள் தமிழிலேயே விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் குரல் கொடுத்தார். "ஏம் அண்ணா, வருசமா இந்தக் கல்லுக்கு நாங்கதா சேந்தி ஊத்தினோம். இன்னிக்குத்தா கல்லுக்கு ஆளு வந்திருக்கு. கூப்பிட வேண்டா, மொற இன்னும் வரல!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "தம்பியப் போகச் சொல்லுங்க. எம் மொற வர நேரமாகும்."

மச்சினனைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். வண்டி கிளம்பி, புழுதி அடங்கியது.

"என்ன சாமி, ஏத்தி உட்டுட்டீங்களா?" டீக்கடைக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"மச்சினன மட்டும்" என்றேன்.

டீயை நீட்டினார். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. நின்றபடியே குடித்துவிட்டு நடந்தேன்.