வினைச்சொல் வரும்வரை

"பாஸாயிட்டேன்ணே!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வந்த அலறலில், வில்லாபுரத்தில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அலறியது கலைச்செல்வி. நர்ஸ். ஜெர்மனியில் வேலை தயார் - ஆனால் ஜெர்மன் மொழித் தேர்வில் தேறினால்தான். ஏற்கெனவே ஒருமுறை வாசிப்புப் பகுதியில் கோட்டை விட்டிருந்தாள். மறுபடியும் தோற்றால் அந்த வேலை வேறொருவருக்கு.

என்ன பிரச்னை? முன்பே என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

"வார்த்தையெல்லாம் தெரியுதுண்ணே. வாக்கியமா வந்தா மண்டை நின்னுபோகுது. ஆளு வந்துட்டாரு, மாத்திரை வந்துருச்சு... என்ன செஞ்சாருங்கிறதத்தான் காணோம்!"

ஜெர்மனில் பல வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில்தான் வருமாம். இவள் படித்ததோ ஆங்கிலம் வழியாக. ஆங்கிலத்தில் ஆள் வந்த கையோடு வினையும் வந்துவிடுமே! அந்தப் பழக்கத்தில் மூளை வினையைத் தேடி முன்னும் பின்னும் ஓட... நேரம் முடிந்துவிடும்.

இரண்டாம் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு, காலையில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் கணவர் பாண்டி இட்லி சாப்பிட்டபடியே ஆரம்பித்தார்.

"ஒன் தம்பி நேத்து நம்ம புது வண்டிய திருவாதவூர்க் கண்மாய்க்குக் கொண்டுபோயி..."

அதோடு ஒரு விள்ளலை வாயில் போட்டு நிதானமாக மென்றார். கலைச்செல்வி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

"கொண்டுபோயி? ஏங்க, சொல்லிட்டு மெல்லுங்க!"

"...கழுவிட்டு வந்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, தம்பி, வண்டி, கண்மாய்னு அம்புட்டையும் மண்டையில பிடிச்சுக்கிட்டுத்தானே இம்புட்டு நேரம் நின்னேன்? ஒண்ணும் நழுவலையே! ஜெர்மனும் இதேதான். நான் எதுக்கு இங்கிலீஷ்காரி மாதிரி பதறுறேன்?"

அன்று முதல் ஆங்கிலத்தை நடுவில் வர விடவில்லை. தமிழ் வாசிப்பதுபோல் வாசித்தாள். வினை வரட்டும் என்று பதறாமல் இருந்தாள். வந்தது! எந்தப் பகுதியில் தோற்றாளோ, அதில்தான் இந்த முறை அதிக மதிப்பெண்.

தாய்மொழியை மறந்தால்தான் அடுத்த மொழி ஏறும் என்று நமக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! வாக்கியத்தின் கடைசிவரை பொறுத்திருக்கும் மூளையை நமக்குச் சும்மா பழக்கிக் கொடுத்ததே அதுதானே?

தமிழை வைத்துக்கொண்டு எங்கே போகப்போகிறாய் என்று இனி யாராவது கேட்கட்டும் - ஜெர்மனி விலாசம் ஒன்று கொடுக்கிறேன்!