பூட்டு மூடி

கோவளத்திலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றும் பழைய வேன் ஒன்றைக் கொஞ்ச காலம் ஓட்டினேன். எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரிகளில் கிளீனராக எங்கெங்கோ சுற்றிவிட்டு வண்டலூரில் வந்து விழுந்திருந்தேன். வேலையும் அந்த வேன்தான், படுக்கையும் அந்த வேன்தான். அது போனால் ரயில்வே பிளாட்பாரம்.

வேன் முதலாளி ஊரப்பாக்கத்துப் பூர்வீகக் குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றவர். வேனின் பெட்ரோல் டேங்க் மூடி எப்போதோ தொலைந்துபோய், வாயில் கந்தல் துணி அடைத்து வைத்திருந்தார். என்னைச் சேர்த்த அன்றே பூட்டு மூடி ஒன்று வாங்கி மாட்டினார்.

“ஊர் பேர் தெரியாதவன் நீ. டியூப் போட்டு உறிஞ்சினா நான் இன்னா கண்டேன்?” என்று சொல்லி, என் எதிரிலேயே சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பெட்ரோலும் அவரே போடுவார். மீனெல்லாம் பெட்ரோல் நாறுகிறது என்று சரக்கோடு வேனில் கூடவே வரும் மீன்காரம்மா சண்டை பிடித்திருந்ததால், அன்றைக்கே மெக்கானிக்கிடம் சொல்லி அந்த நாற்றத்தையும் நிறுத்தினார். எப்படி நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து வண்டி நிற்க ஆரம்பித்தது. கேளம்பாக்கம் தாண்டி நன்றாகத்தான் ஓடும். கொளப்பாக்கம் வரும்போது இருமும், இழுக்கும், நின்றுவிடும். கூடையில் ஐஸ் கரைந்து சாலையில் ஒழுகும். நான் பெட்டிக்கடை போனில் காசு போட்டு முதலாளியைக் கூப்பிடுவேன். அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, முதல் காரியமாகப் பெட்ரோலைத் திருடிவிட்டேனா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். பிறகு அவர் வண்டிச் சாவியைத் திருகினால் வண்டி உடனே கிளம்பிவிடும்.

“அண்ணன் கை பட்டதும் எப்டி பெருமூச்சு வுடுது பாரு,” என்பாள் மீன்காரம்மா. “உன் மூஞ்சப் பாத்தாதான் அதுக்கு மூச்சு முட்டுது.”

“நான் என்னக்கா பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ண வாணாம். நீ இருந்தாலே போதும், வெளங்கிடும்.”

எனக்கு ராசி இல்லை என்பது அப்படித்தான் முடிவானது. போணி ஆகும்வரை கூடையைத் தொடக் கூடாது என்றாள். ஏற்றி இறக்க ஆள் போதாமல் அவளே இடுப்பொடியத் தூக்குவாள், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறவன் என்னைப் பார்த்ததும் எச்சில் துப்பிவிட்டு எதிர்ப் பக்கம் நடப்பான். வஞ்சிரம் ஒரு கூடை கெட்டுப்போன அன்று, அதிலிருந்து ஒரு துண்டத்தை எடுத்து என் படுக்கையில் போட்டாள். “தின்னு. நீ சமைச்சதுதான்.”

கடைசியில் படப்பை ரோட்டிலிருந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். அவர் அடியில் படுத்து டேங்கை இறக்கினார். டேங்கின் வயிறு உள்வாங்கிக் குழிந்திருந்தது. மேலிருந்து போன ரப்பர் டியூப்பின் நுனியில் ஒரு போல்ட்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கியிருந்தது.

பெட்ரோல் ஆவியை உறிஞ்சி வைக்கும் கரி டப்பாவுக்குப் போகும் டியூப் அது. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகத்தான் காற்றும் உள்ளே வர வேண்டும். வராவிட்டால், யாராவது மூடியைத் திறக்கும்வரை பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறாது. டப்பா உடைந்து நாறியதால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு டியூப்பை அடைத்தவர் இதே மெக்கானிக்தான். கந்தல் துணி இருந்திருந்தால் அதன் வழியாகவாவது டேங்க் மூச்சு விட்டிருக்கும். என்னை நம்பாமல் போட்ட மூடி அதையும் அடைத்துவிட்டது.

அவர் போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “வாயத் தொறக்காத மச்சான்,” என்றார். பழைய டப்பா ஒன்றைத் தேடி எடுத்து, புது டியூப் போட்டுப் பொருத்தினார்.

முதலாளி வந்ததும் நான் வாயைத் திறந்தேன்.

“இன்னா போல்ட்டு? பட்டப்பகல்ல கனா கண்டுகினு கீறான்ணா,” என்று மெக்கானிக் சிரித்தார். “வண்டில ஒண்ணுமே இல்ல. லேசா கிளீன் பண்ணேன், அவ்ளோதான்.”

“அவரு பையைப் பாருங்கண்ணா,” என்றேன்.

முதலாளி பார்க்கவில்லை. “வண்டில கோளாறு இல்லன்னா, கோளாறு உள்ள படுத்துகினு கீது,” என்றார். என் பாயையும் சட்டைகளையும் எடுத்து வெளியே எறிந்தார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கூடவே கூட்டி வந்திருந்த ஐஸ் உடைக்கிறவனை ஓட்டச் சொன்னார். பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிய வண்டி அன்று எங்கும் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. இதைவிட அவர்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

படப்பையில் ஜல்லி லாரிகள் நிற்கும் இடத்தில் வேலை கேட்டேன். ஒரு டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மீன் வண்டி நின்னு நின்னு போச்சே, அந்த ஆளா நீ?”

நான் பதில் சொல்வதற்குள் அவர் லாரிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.