அந்தக் காருக்கு அம்மன் வாக்குக் கொடுக்கவில்லை

இதை எழுதவென்று ஒரு நோட்டு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன், எனக்கு எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எழுதினால் என் யோக்கியதை வெளியே வந்துவிடும், அந்தப் பயம்தான்.

சேலத்துக்கு அடுத்த இளம்பிள்ளைப் பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டம்மா என்னால் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அம்மன் தன்னை ஏமாற்றிவிட்டதாக அவர் நினைக்கிறார். ஏமாற்றியது அம்மன் இல்லை. அது அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு சின்னக் காரால் வந்தது.

எங்களுக்கு ராசிபுரம் பக்கம் தோட்டம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறோம். வீட்டுக்காரிக்கு முழங்கால் தேய்ந்துபோய் பஸ் படி ஏற முடியவில்லை. பைக்கில் உட்கார வைத்தால் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒரு சின்னக் கார் இருந்தால் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போகலாம் என்று ஆசைப்பட்டேன். எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் பத்து வருஷமாகச் சின்னக் கார்தான் வைத்திருக்கிறார். நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும், மேட்டில் ஏறும்போது ஏசியை அணைக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் ரோட்டில் நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரே பானட்டைத் தூக்கி ஆயிலும் தண்ணீரும் பார்ப்பார். அதனால் சின்னக் கார் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாதப்பட்டவனுக்கு அதைப் போல உதவுவது வேறில்லை. அந்த ஆசையை வைத்துத்தான் ஆளை வளைக்கிறார்கள்.

புது வண்டிக்கு வழியில்லை. நாமக்கல்லில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம். வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார், பளபளவென்று இருந்தது. தரைக்குப் புது மேட். உள்ளே தலை வலிக்கும்படி மல்லிகை வாசம். என் மச்சினன் லாரிப் பட்டறையில் மெக்கானிக், அவனும் கூட வந்திருந்தான்.

"மச்சான், சென்ட்டு இத்தன தூக்கலா அடிச்சிருக்கான்னா எதையோ மறைக்கறானுங்க. ரெண்டு நாள் பொறுங்க, பட்டறைக்குக் கொண்டாந்து தூக்கிப் பாத்துர்லாம்" என்றான்.

கடைக்காரர் சிரித்தார். "தாராளமா பாருங்க. ஆனா ஒண்ணு சொல்றனுங்ண்ணா, மெக்கானிக்கும் மனுசன்தானுங்க. உங்களப் பாத்தா சாமி கும்பிடறவராட்டம் தெரியுது. உங்கூரு அம்மங்கிட்டயே பூக் கேட்டுட்டு வாங்களே."

அங்கேதான் விழுந்தேன். எங்கள் பக்கம் கல்யாணம் என்றாலும் கிணறு என்றாலும் பூக் கேட்காமல் செய்யமாட்டோம். வெள்ளை அரளியை ஒரு பொட்டலமும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமுமாக இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்போம். எது எதுவென்று தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

சிவப்பு வந்தது. மறுநாள் போய், "இவ காலுக்காகத்தான் கேக்கறேன் தாயி" என்று மன்றாடினேன். மறுபடியும் சிவப்பு. "ரெண்டு தரம் சொல்லிட்டா, போதுமுங்க" என்றார் பூசாரி. கடைக்காரரோ போனில், "மூணு தரம் கேட்டாத்தானுங்க முறை" என்றார். மூன்றாம் நாள் நான் கேள்வியையே மாற்றிவிட்டேன். காரை வாங்கட்டுமா என்று கேட்கவில்லை. உனக்குப் பட்டுச் சாத்துகிறேன், அந்தக் காரில் போகும்போது எங்களைக் காப்பாயா என்று கேட்டேன். வெள்ளை வந்தது. காக்கமாட்டேன் என்று எந்தத் தாய் சொல்வாள்? அதை வாங்கச் சொன்னதாக நானே எடுத்துக்கொண்டேன்.

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மனும் ரெண்டு தரம் வேண்டாம்னுருச்சு, நானும் வேண்டாங்கறேன். நீங்க ஆரு பேச்சத்தான் மச்சான் கேப்பீங்க?"

வாங்கினேன். முதல் மழைக்கே உள்ளே குட்டை நாற்றம் அடித்தது. ஒருநாள் சேலம் ரோட்டில் நடுவில் செத்து நின்றது. பின்னால் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்கின்றன. கண்ணாடி இறங்கவில்லை, கதவு திறக்கவில்லை. "ஏனுங்க, மூச்சு முட்டுதுங்க" என்று வீட்டுக்காரி கதறுகிறாள். "யோவ், அது காரா, தகர டப்பாவா?" என்று ஒரு லாரி டிரைவர் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். திட்டிய அந்த மனுஷன்தான் இழுத்துக் கதவைத் திறந்து இவளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்.

பட்டறையில் மச்சினன் வேறெதையும் தொடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தான். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்ட மாதிரி இருந்தது. "பாத்தீங்களா? இந்த மட்டத்துக்குத் தண்ணி நின்னுருக்குது. கடலோரத்து வெள்ளத்துல ஊறுன வண்டி மச்சான் இது." மேட்டைத் தூக்கினான். தரைத் தகரம் விரல் பட்டதும் அப்பளம்போல உதிர்ந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தினான், கீழே இருந்த மண் தெரிந்தது.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "நானாங்க வாங்கச் சொன்னேன்? உங்க அம்மன்ல்ல சொல்லுச்சு" என்று திருநீற்றைத் தடவிக்கொண்டு சொன்னான். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

சரி, அவன் அப்படி. நான் என்ன செய்தேன்?

பெல்ட்டை இழுத்து வைத்து, சோப்புப் போட்டு பிரஷ்ஷால் கறை போகும்வரை தேய்த்தேன். ஓட்டையின் மேல் தகரம் வைத்து ஒட்டி, புது மேட் போட்டேன். அதே மல்லிகை சென்ட்டை வாங்கி அடித்தேன். மச்சினன் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் கூட நிக்கமாட்டேன்" என்று போய்விட்டான். விற்க ஒரு கார் இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். இளம்பிள்ளையிலிருந்து அந்தத் தறிக்காரர் வந்தார், வீட்டம்மாவையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு.

"மழை வந்தா பைக்குல சேலை மூட்டைய கொண்டு போவ முடியலீங்க. நனைஞ்சா போச்சு. அதுக்குத்தான் ஒரு சின்ன வண்டி" என்றார். வீட்டம்மா மட்டும் தயங்கினார். "அண்ணா, எங்களுக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. தப்பாயிருச்சுன்னா எந்திரிக்க முடியாது."

"பூக் கேட்டுப் பாத்துக்குங்கம்மா" என்றேன். என் வாய் கூசாமல் சொன்னது.

உச்சிப்பொழுதில் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கே கூட்டிப் போனேன். பூசாரி சாப்பிடப் போயிருந்தார். பொட்டலம் மடித்தவன் நான். இரண்டிலும் வெள்ளை அரளியை வைத்து மடித்தேன். அங்கே நாற்பது வருஷம் விளக்குப் போட்ட கை அது. அந்தச் சின்னப் பெண் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். மற்றப் பொட்டலத்தை நான் மடியில் கட்டிக்கொண்டேன்.

மூன்று மாதம் போனது. கல்யாண ஆர்டர் சேலைகளோடு போகும்போது வழியில் மழை பிடித்து, வண்டி நின்றிருக்கிறது. ரோட்டுத் தண்ணீர் தரை வழியாக உள்ளே ஏறி மூட்டை முழுக்க நனைந்து, சாயம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஆர்டர் போனது, இனி வேலை தரமாட்டேன் என்று கொடுத்தவரும் விலகிக்கொண்டார்.

புருஷனும் பெண்சாதியும் என் வீட்டுக்கு வந்தார்கள். "உங்க மேல குத்தம் சொல்ல வரலீங்க அண்ணா" என்றுதான் தறிக்காரர் ஆரம்பித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்பிடியும் ஒரு மனுசனா!" என்றார்.

அந்த அம்மா அழவில்லை. "அண்ணன் தங்கமானவருங்க. அந்த அம்மன்தான் ஏமாத்திப் போட்டா. எங்கொழந்த கையாலயே எடுக்க வெச்சு ஏமாத்திப் போட்டா. இனி அவ வாசப்படி மிதிக்கமாட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. "விடும்மா, எல்லாம் நேரம்" என்று சொன்னேன். சீ, என்ன ஜென்மம்! கடைக்காரன் அம்மன் பேரைச் சொல்லிக் காரைத்தான் விற்றான். நான் அம்மனைக் கள்ளியாக்கி, என்னைத் தங்கமாக்கிக்கொண்டேன்.

காரை மறுநாளே பழைய இரும்புக்கு உடைக்கப் போட்டேன். அதற்கப்புறம் சொல்லிவிடுவது என்று இரண்டு தடவை இளம்பிள்ளை போனேன். முதல் தடவை மோர் கொடுத்தார்கள், சாமி படம் இருந்த இடத்தில் வெறும் ஆணி இருந்தது. இரண்டாம் தடவை அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "நாஞ் சொல்லல? அந்த அண்ணன் இவருதான்" என்று காட்டினார். இரண்டு தடவையும் ஊமையாகத் திரும்பி வந்தேன். இப்போது என் வீட்டு விளக்கை ஏற்றக்கூடக் கை எழுவதில்லை. வீட்டுக்காரிதான் காலை இழுத்துக்கொண்டு வந்து ஏற்றுகிறாள். ஏன் என்று கேட்டாள். அவளிடம் மட்டும் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆவப்போவுது?" என்றாள்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தறிக்குத் தறி சொல்லுங்கள். பேர் போடாவிட்டாலும் அந்த அம்மாவுக்குத் தன் கதை தெரியும். பூ மடித்தவன் நான், இரண்டும் வெள்ளை, அம்மனுக்கு அதில் பங்கில்லை. என்மேல் இரக்கப்பட்டு, "பாவம், தெரியாமல் செய்துவிட்டார்" என்று ஒரு சொல்லைக்கூட மாற்றிவிடாதீர்கள். தெரிந்துதான் செய்தேன். எழுதியபடியே படித்துக் காட்டுங்கள்.