ஏலத்துக்குப் போன ஆப்பிள் தொக்கு

நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் வீடு வாங்கியபோது பின்பக்கத்தில் ஓர் ஆப்பிள் மரமும் சேர்ந்து வந்தது. நான் சென்னையில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் வளர்ந்தவன். வாழ்க்கையில் எனக்குச் சொந்தமான முதல் மரம் என்பதால் அதைப் பற்றி வெறியோடு படித்தேன். கவாத்து, மண், பூச்சி என்று தலைப்புக்கு ஒரு புத்தகம். காய்த்துத் தொலைத்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எதிலும் தேடிப் பார்க்கவில்லை.

காய்த்துத் தொலைத்தது. போன வருடம், விழுந்து அழுகிய பழங்களில் குளவி மொய்த்தது. குப்பைத் தொட்டியை இழுத்துவரப் போன என் மனைவியின் பாதத்தில் ஒரு குளவி கொட்ட, மூன்று நாள் அவளால் செருப்புப் போட முடியவில்லை. நான்காம் நாள் மரம் வெட்டுகிறவரின் ஃபோன் நம்பர் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருந்தது.

இந்த வருடம் செப்டம்பரில் கிளைகள் தாழ ஆரம்பித்ததும் தீர்ப்பு சொன்னாள்.

“நாம திங்கறது கணக்குல வராது. உங்க மொகத்துக்காகத் தின்னுடுவோம். வெளியாள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இந்த மரத்துப் பழத்த வேணும்னு ஆசப்பட்டு வாங்கட்டும். மரம் இருக்கட்டும். இல்லன்னா அந்த ஆளக் கூப்பிட்டுடறேன்.”

ஒரே ஒருத்தர்தானே என்று நினைத்தேன். அக்டோபரை மறந்துவிட்டேன். அக்டோபரில் நியூ ஜெர்சித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பழத்தோட்டங்களுக்குப் படையெடுக்கும். குழந்தையை மரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்து, அந்தப் படத்துக்குப் பரிகாரமாக ஒரு டிக்கி நிறைய ஆப்பிள் பறித்துக்கொண்டு வரும். வந்த பிறகு எல்லோரும் என்னைப் போல ஆள் தேடுவார்கள். நான் ஒரு பையோடு போன வீட்டிலிருந்து ஒன்றரைப் பையோடு திரும்பினேன். அடுத்த வீட்டில் காலிங் பெல் அடித்ததும் ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் நவம்பரில் அறுப்பின் பண்டிகை கொண்டாடுவோம். அவரவர் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் ஆலயத்தில் படைத்து ஜெபித்துவிட்டு, கீழ்த்தள ஹாலில் ஏலம் விடுவோம். பழமாகக் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள். தொக்காகக் கொடுத்தால் எந்தத் தமிழன் மறுப்பான்? தோலைச் சீவித் துருவினால் ஆப்பிளும் மாங்காயும் ஒன்றுதான் என்பது என் சித்தாந்தம். சித்தாந்தவாதிகள் பொதுவாக அடுப்படிக்குப் போவதில்லை. நான் போனேன்.

சபையில் ஊறுகாய்க்குப் பேர்போன ஓர் ஆன்ட்டியிடம் ஃபோனில் கேட்டேன். “மாங்காய்க்குச் செய்யறாப்லயே செய்ங்க தம்பி. எண்ணெய் பிரிஞ்சு மேல வரணும். அது வராம மட்டும் அடுப்ப அணைச்சிடாதீங்க, பூசணம் புடிச்சிரும்.”

இரண்டு வாளி ஆப்பிளைத் துருவினேன். நல்லெண்ணெய், கடுகு, மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம், புளிப்புக்குப் புளி. மாங்காய் வதங்கும். இது அழுதது. துருவலுக்குள் அவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எண்ணெயை ஊற்ற ஊற்ற, பழைய சண்டையை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் சம்பந்தி மாதிரி, உள்ளே இழுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. மிளகாய் நெடியில் ஸ்மோக் அலாரம் இரண்டு முறை அலறியது. இரண்டரை மணி நேரம் கழித்து மறுபடி ஃபோன் செய்தேன்.

“ஆன்ட்டி, எண்ணெய் பிரியவே மாட்டேங்குது.”

“எவ்ளோ ஊத்துனீங்க?”

“ஒரு பாட்டில்.”

“இன்னுங்கொஞ்சம் ஊத்துங்க.”

“அதுவும் ஊத்திட்டேன்.”

“உண்மையச் சொல்லணும்னா, நான் ஆப்பிள்ல இதுவரைக்கும் செஞ்சதே இல்ல தம்பி.”

கை ஓய்ந்து அடுப்பை அணைத்தேன். சேர்த்துவைத்திருந்த பழைய பாஸ்தா சாஸ், எலுமிச்சை ஊறுகாய் பாட்டில்களைக் கழுவித் தொக்கை நிரப்பிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடப் பையோடு என் மகள் வந்து ஒரு மூடியை எடுத்துப் பார்த்தாள்.

“டாடி, யூ கான்ட் ரீயூஸ் தீஸ் லிட்ஸ். பீப்பிள் டை.”

“நம்ம வீட்ல முப்பது வருஷமா இப்படித்தான்மா, யாரும் சாகல.”

“தட் யூ நோ ஆஃப்,” அதாவது எனக்குத் தெரிந்தவரை, என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பார்த்தால், அதுவரை ஒளிந்திருந்த எண்ணெய் முழுவதும் மேலே வந்திருந்தது. பன்னிரண்டு பாட்டில்களிலும் மேலே மூன்று விரல் உயரத்துக்கு எண்ணெய், கீழே தொக்கு. பூசணம் பிடிக்க வழியே இல்லை. சாப்பிடவும்தான்.

ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வெளியாள்.

ஏலம் விட்டவர் ஓர் அங்கிள். வங்கியில் ஓய்வு பெற்றவர், மைக்கில் ஓய்வு பெறாதவர். தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடிக்கு இரண்டு மருத்துவர்கள் கிட்டத்தட்ட கைகலந்தார்கள். சுரைக்காய் போயிற்று. யாரோ சுட்ட, நடுவில் குழி விழுந்த கேக்கும் போயிற்று. பிறகு என் அட்டைப்பெட்டியை மேசையில் தூக்கி வைத்தார்கள். அங்கிள் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஆப்பிள் தொக்கு! பிரதர், எண்ணெய ஒரு தடவ, தொக்க ஒரு தடவன்னு தனித்தனியா விட்டுடலாமா?”

ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன், அந்த மாதிரி நேரத்தில் முதலில் சிரித்துவிடுவது என் பழக்கம். பிறகு அங்கிள் கேட்டார், யாருக்கு வேணும் என்று. சிரிப்பு நின்றது. ஊறுகாய் ஆன்ட்டி மூக்கிலிருந்த கண்ணாடியைக் கைப்பையில் தேட ஆரம்பித்தார். ஒருவராவது கேட்டால்தானே ஒரு தரம் என்று சொல்ல முடியும்? அங்கிள் விலையைப் பாதியாக்கினார். மறுபடி பாதியாக்கினார். நான் கையைத் தூக்கினேன்.

“குடுத்தவரே கேக்கக் கூடாது பிரதர். சமைச்சவர் பந்திக்கு முந்தலாமா?”

கையை இறக்கி, தலையைச் சொறிந்துகொள்வதற்காகத் தூக்கியதுபோல் சொறிந்தேன். அந்த ஹாலில் அவ்வளவு அமைதியை நான் ஜெப நேரத்தில்கூடக் கேட்டதில்லை.

“இங்க,” என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, மரம் பிழைத்தது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” அங்கிளுக்கு அவ்வளவு அவசரம்.

காரில் பெட்டி மகளின் மடியில் இருந்தது. “ஸோ வீ பாட் அவர் ஓன் ஸ்டஃப்?” என்று கேட்டாள்.

இரண்டு சிக்னல் தாண்டி மனைவி சொன்னாள், “அத்தன பேர் முன்னாடி நீங்க நின்ன நிலையப் பாக்க முடியலங்க.”

“அப்ப மரம்?”

“நான் வெளியாள் இல்லயே.”

வாதாட என்னிடம் விஷயம் இருந்தது. தீர்ப்பில் ‘வெளியாள்’ என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை, மேல்முறையீட்டுக்கு இடமிருக்கிறது என்றெல்லாம். ஆனால் எனக்காகக் கையைத் தூக்கியவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“நான் ஆபீஸ் போயிருக்கற நாளாப் பாத்து அந்த ஆள வரச் சொல்லு,” என்றேன்.

“நீங்க வொர்க் ஃப்ரம் ஹோம்தானங்க,” என்றாள், மெதுவாக.

வியாழக்கிழமை பத்து மணி மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருந்தபோது ரம்பம் ஆரம்பித்தது. மேனேஜர் அது என்ன சத்தம் என்று கேட்டார். பக்கத்து வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று சொல்லிவிட்டு மியூட் போட்டுக்கொண்டேன்.